ஏசா தர்லோவின் ஓட்டு

கர்னல் அகஸ்டஸ் விட்காம்ப் எந்தப் போருக்கும் போனவரல்ல. முன்னாள் கவர்னர் ஒருவரின் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரையில் உட்கார்ந்து ஊர்வலம் போனதற்காகக் கிடைத்த பட்டம் அது. பாதி வழியில் குதிரை மிரண்டது, கர்னல் மிரளவில்லை என்று அவருடைய மைத்துனரின் பத்திரிகை எழுதியது. அன்றிலிருந்து ஆல்ஃபோர்ட் கார்னரில் அவரை மிஸ்டர் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. ஊரின் ஒரே ஆலை அவருடையதாக இருந்ததும் ஒரு காரணம்.

இனிப்பு மக்காச்சோளத்தை உதிர்த்து, வேகவைத்து, தகர டப்பாவில் அடைக்கிற ஆலை. டப்பாவின் மேல் கர்னலின் முகம். அவர் கவர்னர் பதவிக்கு நின்ற வருஷம், சுவரொட்டிக்கும் அதே படத்தைப் போட்டுவிட்டார்கள். கீழே இருந்த ‘இளசானது, இனிப்பானது’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘நேர்மையானவர், உறுதியானவர்’ என்று சேர்த்திருந்தார்கள்.

“முன்னாடி இருந்தது டப்பாவுக்குள்ள இருக்கறதைப் பத்தினது. அதுல பொய் இல்ல” என்றாள் ஹல்டா. ஆலையில் சோளம் உரிக்கிற பெண்களில் நாக்கு நீளமானவள் அவள்.

படத்தில் கர்னலுக்கு மூக்குக்கண்ணாடி இல்லை. கண்ணாடி போட்டால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கிறார் என்று கட்சிக்காரர் யாரோ சொல்லிவிட்டார்களாம். படத்தில் இருக்கிறபடி நேரிலும் இருக்க வேண்டுமே என்று, தேர்தல் முடிகிறவரை அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

மற்ற மாநிலங்கள் நவம்பரில், அறுவடையெல்லாம் முடிந்து, நிதானமாக ஓட்டுப் போடும். எங்கள் மெய்ன் மாநிலத்துக்கு மட்டும் செப்டம்பரில், சோளம் பால் பிடிக்கிற வாரத்தில்தான் கவர்னர் வேண்டியிருக்கும்.

ஊரில் எல்லோரும் கர்னலின் கட்சியான ரிபப்ளிக்கன். ஏசா தர்லோ ஒருவன்தான் டெமாக்ரட். அவனுடைய அப்பா சாகும்போது அவனுக்கு ஒரு கலப்பையையும் இந்தக் கட்சியையும் விட்டுப்போனார். கலப்பை துருப்பிடித்துவிட்டது. ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொன்னாலும், எண்ணும்போது டெமாக்ரட் பக்கம் விழுந்திருக்கிற அந்த ஒரே சீட்டு யாருடையது என்பது ஆலைக் குதிரைக்குக்கூடத் தெரியும். எண்ணுகிறவர் சர்ச் மூப்பரான டீக்கன் ஓபேட் ஃபாரர். பெட்டியைத் திறக்கும்போதே, “ஏசா, உன்னோடது எதுன்னு சொல்லிடப்பா, முதல்ல எடுத்து வெச்சிட்டா வேலை சுருக்கா முடியும்” என்பார். கூடம் சிரிக்கும். ஏசாவும் சிரிப்பான். அப்படித்தான் இத்தனை தேர்தலும் நடந்தது.

அந்த வருஷம் யாரும் சிரிக்கிற மாதிரி தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஏசாவின் மனைவி லவீனா சோளக்கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால்வரை பனித்தண்ணீரில் நனைந்திருந்தது. ஒரு கதிரின் தோகையைக் கொஞ்சம் கிழித்து, மணியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். பால் வந்தது. ஆனால் முந்தாநாள் முகத்தில் தெறித்த பால் இப்போது நகத்தோரம் கெட்டியாக வழிந்தது.

“இன்னும் மூணு நாளு. அதுக்கு மேல மாவாயிடும்” என்றாள்.

“மாவானா பசு திங்கும்” என்றான் ஏசா, வேலிக்கம்பை ஆட்டிப் பார்த்தபடி. அது நன்றாகத்தான் இருந்தது.

“தின்னுட்டு பசு நமக்கு கோதுமை மூட்டை வாங்கித் தருமா?”

ஏசா அடுத்த கம்பையும் ஆட்டிப் பார்த்தான். போன வருஷச் சோளத்தை உறைபனி கொண்டுபோய்விட்டது. இந்த வருஷமும் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் குளிர்காலத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். ஏசா வடக்கே மரம் வெட்டுகிற கொட்டகைக்குப் போவான். லவீனா ஆபர்ன் நகரத்துச் செருப்பு ஆலைக்குப் போய், விடுதியில் தங்கி வேலை செய்வாள். பசுக்கள் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு. வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை. எங்கள் மலைச்சரிவில் அப்படிப் பலகை அடித்த வீடுகள் பல உண்டு. போகிறவர்கள் எல்லோரும் வசந்தத்தில் வந்துவிடுகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சோளம் விளைவித்தவன் தன் இஷ்டத்துக்கு ஆலைக்கு வண்டி ஓட்ட முடியாது. ஆலை மேனேஜர் விர்ஜில் நட்டிங் ஒவ்வொரு கொல்லையாக வந்து, கதிரில் நகம் வைத்துப் பார்த்து, இன்ன நாள் என்று சொல்ல வேண்டும். அதை ‘நகம் வைப்பது’ என்போம். ஏசாவின் கொல்லைக்கு இரண்டு பக்கமும் விர்ஜில் நகம் வைத்துவிட்டுப் போயிருந்தான். நடுவில் மட்டும் அவன் நகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அன்று லவீனா ஆலைக் கொட்டகைக்கு உரிக்கப் போனபோது கேட்டுவிடுவது என்றே போனாள்.

கொட்டகையில் சோளம் மலைபோல் கொட்டிக் கிடந்தது. பெண்களும் கிழவர்களும் கவிழ்த்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்து தோகை கிழிக்கிற சத்தம், மழை ஓயாமல் பெய்கிற மாதிரி. கதிர் நுனி நாரான சோளப்பட்டு கை, கழுத்து, வாய் எல்லாவற்றிலும் ஒட்டியது. புளித்த சாற்றின் வாசனைக்கு ஈ மொய்த்தது. உள்ளே கொதிகலனின் நீராவி. விர்ஜில் மேடையில் நின்று வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. கர்னல் ஊரில் இல்லாதபோதும் அவன் அதைக் கழற்ற மாட்டான். அவன் கெட்டவனல்ல. கெட்டவனாக இருக்க நேரமில்லாதவன். யாராவது இரு என்றால் இருப்பான்.

லவீனாவும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இருந்தும் அவள் அன்று மரியாதையோடுதான் ஆரம்பித்தாள்.

“மிஸ்டர் நட்டிங், எங்க கொல்லைக்கு நீங்க இன்னும் வரலையே.”

“வரணும் லவீனா. வரணும்னுதான் இருக்கேன்.”

“எங்க வேலிகிட்ட உங்க குதிரை தானாவே நின்னுச்சு. பார்த்துட்டுதான் இருந்தேன். நீங்கதான் சவுக்கை எடுத்தீங்க.”

விர்ஜில் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தான். “கர்னலுக்கு ஒரு ஆசை. சொந்த ஊர்ல ஒருத்தன்கூட எதிர்த்து ஓட்டுப் போடலைன்னு பேப்பர்ல வரணுமாம்.”

“மாநிலம் பூரா ஜெயிச்சா போதாதா அவருக்கு?”

“மாநிலம் பூரா அவரை யாருக்கும் தெரியாது. அங்க ஜெயிக்கறது சுலபம்.” சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. காலருக்குள் விரலை விட்டுக்கொண்டான். “நான் சொல்ல வந்தது வேற.”

“ஏசா ஓட்டு எப்பவும் உள்ளதுதானே. எண்ணிட்டு எல்லாரும் சிரிப்பீங்களே.”

“இந்தத் தடவை சிரிக்கறதா இல்ல.”

“சரி, எங்களுக்கு என்ன நாள் சொல்றீங்க?”

“திங்கட்கிழமை எண்ணி முடிஞ்சதும் சொல்றேன். நல்லபடியா முடிஞ்சா அன்னிக்கே வண்டி ஏத்தலாம். இல்லேன்னா… ஆலையில இடமில்ல லவீனா. அடுத்த சனிக்கிழமை ஆயிடும்.”

“அடுத்த சனிக்கிழமை அது கோழித்தீனி.”

“நான் ஒண்ணும் மிரட்டல.”

“இல்ல. நீங்க நாள்தான் சொல்றீங்க” என்றாள் லவீனா.

திரும்பி வந்து பெட்டியில் உட்கார்ந்தாள். ஒரு கதிரை எடுத்து ஒரே இழுப்பில் உரித்தாள். பக்கத்தில் ஹல்டா, “என்னடி, கழுத்தைத் திருகற மாதிரி உரிக்கிற?” என்றாள்.

“கழுத்துன்னு நினைச்சுதான் உரிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். ஒற்றுமை என்ற சொல் வந்தபோதெல்லாம் ஊர் ஏசாவின் பின்கழுத்தைப் பார்த்தது. வீட்டுக்கு வந்தும் அவன் சட்டையின் முதல் பித்தானைக் கழற்றவில்லை. முந்தின இரவு சுட்ட பீன்ஸின் மீதியை ஆறியபடியே ரொட்டியோடு சாப்பிட்டார்கள். லவீனா மறுநாள் தேர்தல் விருந்துக்காகப் பெரிய பானையில் பீன்ஸ் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு நகர மன்றத்தில் மாதர் சங்கம் சாப்பாடு போடுவது வழக்கம். ஓட்டு ஆண்களுக்கு, பானை பெண்களுக்கு.

“ஒரே ஒரு தடவை, ஏசா” என்றாள்.

“ஒரு தடவைன்னா? அது என்ன, பல்லு பிடுங்கறதா?”

“பெட்டிக்குள்ள போட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

“எல்லாருக்கும் தெரியும். டெமாக்ரட் சீட்டு விழலைன்னா ஏசா மண்டி போட்டுட்டான்னு தெரியும். விழுந்தா ஏசாவோட சோளம் போச்சுன்னு தெரியும். ரகசிய ஓட்டெல்லாம் இந்த ஊர்ல மத்தவனுக்குத்தான். எனக்குக் கிடையாது.”

“எனக்கு ஓட்டே கிடையாது” என்றாள் லவீனா. “ஆனா ஆபர்ன்ல செருப்புத் தைக்கப் போறவ நான்.”

ஏசா தட்டில் ரொட்டியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

“உங்கப்பாவை எனக்குப் பிடிக்கும்” என்றாள் அவள், பானையைப் பார்த்தபடியே. “அவருக்குப் பின்னால நின்னு அவரோட கட்சியைப் பார்த்து நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அவரு செத்துட்டாரு ஏசா. பனி விழுந்தா அவருக்குக் குளிராது.”

அவன் எழுந்து வெளியே போனான். அவள் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். பகலெல்லாம் மேப்பிள் இலைகளைத் திருப்பிக்கொண்டிருந்த காற்று ஓய ஆரம்பித்திருந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. மலை, கத்தியால் வெட்டி வைத்தது மாதிரி தெளிவாகத் தெரிந்தது. செப்டம்பரில் எங்களுக்கு அதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது; காற்று ஓய்ந்து வானம் தெளிந்தால் உறைபனி வரும்.

“இன்னிக்குத் தப்பிச்சிடும்” என்றான் ஏசா. “நாளைக்கு ராத்திரி விழும்.”

என்ன செய்யப் போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை நகர மன்றத்தின் எல்லா ஜன்னல்களையும் கர்னல் அனுப்பிய கொடித்துணி மறைத்திருந்தது. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக அத்தனை தேசபக்தி. உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். ஒரு மூலையில் ஓட்டுப் போடப் பலகைத் தடுப்பு. அதற்குள் ஒரு சாய்மேசை, அதில் நூலால் கட்டிய பென்சில். ‘கட்டியுள்ள பென்சிலால் மட்டுமே குறியிடவும்’ என்று டீக்கன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். சீட்டில் கட்சிக்கு ஒரு பத்தி. தன் கட்சிப் பத்தியின் தலையில் இருக்கிற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது.

மறு மூலையில் பீன்ஸும், ஆவியில் வெந்த கறுப்பு ரொட்டியும், ஊறுகாயும், கஸ்டர்ட் பை என்கிற இனிப்புப் பண்டமும். லவீனா கரண்டியோடு நின்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கர்னல் மோட்டார் காரில் வந்து இறங்கினார். கூடவே மைத்துனரின் பத்திரிகைக்காரனும் படமெடுக்கிறவனும். கர்னல் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். கோட்டு மாட்டுகிற கம்பத்தையும் பார்த்துப் புன்னகைத்தார். உட்கார்ந்தார். தனக்கு வைத்த கஸ்டர்ட் பையின் மேல் கடுகு ஊறுகாய்ச் சாற்றைத் தாராளமாக ஊற்றி, ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு கணம் அசையாமல் இருந்தார்.

“எங்கம்மா செய்யறது அப்படியே இதே ருசி” என்றார்.

“பாவம், அந்த அம்மா” என்று ஹல்டா என் காதருகில் சொன்னாள்.

பிறகு மாதர் சங்கத்துப் போர்வை. கட்டம் கட்டமாகத் தைத்த துணியில் ஊரார் ஆளுக்கொரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விற்று சர்ச் கூரையை மாற்றுவது திட்டம். நடுவில் பெரிய கட்டம் கர்னலுக்கு. லவீனா துணியை இழுத்துப் பிடித்தாள். கர்னல் சட்டைப்பையிலிருந்து தங்கப் பேனாவை எடுத்தார். கட்சி நண்பர்கள் கொடுத்த பேனா, ஊதா மை. எங்கள் ஊரில் யாரும் ஊதா மையைப் பார்த்ததே இல்லை.

“இந்தக் கட்டம், கர்னல்” என்றாள் லவீனா.

“தெரிகிறதம்மா, தெரிகிறது” என்று சொல்லி, பக்கத்துக் கட்டத்தில் ஹல்டாவின் பெயருக்குக் குறுக்கே, வால் சுழித்து நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

“கர்னல் என் வீட்டுக்குள்ளயே வந்துட்டாரு. கதவைத் தட்டியிருக்கலாம்” என்றாள் ஹல்டா. கர்னலும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். மை காயட்டும் என்று லவீனா துணியைப் பின்சுவர்க் கயிற்றில் போட்டாள்.

அவர் ஓட்டுப் போட எழுந்தபோது படமெடுக்கிறவன், “அந்த நூல் கட்டின பென்சில் வேணாம் கர்னல். வெளிய வரும்போது பேனா கையில இருந்தா கம்பீரமா இருக்கும்” என்றான். கர்னல் பேனாவை வாள்போல் பிடித்துக்கொண்டு தடுப்புக்குள் போனார். கொஞ்ச நேரம் காகிதம் சரசரத்தது. வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டிக்கு மேலே பிடித்தபடி அசையாமல் நின்றார். படமெடுக்கிறவன் வெளிச்சத்துக்காக வைத்திருந்த வெடிமருந்து பளிச்சென்று எரிந்தது. கூடம் கைதட்டியது. தலைநகரில் முடிவைக் கேட்க வேண்டுமென்று அவர் கார் ஏறிப் போய்விட்டார்; எங்கள் ஊர் முடிவை எழுதப் பத்திரிகைக்காரன் மட்டும் தங்கினான்.

ஏசா கூட்டம் குறைந்த பிறகு வந்தான். துவைத்த சட்டை, தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். அவன் தடுப்புக்குள் போனபோது கூடத்தில் பேச்சு நின்றது. உள்ளே பென்சில் மேசையில் படுகிற சத்தம்கூட வெளியே கேட்டது. சுருக்கமான சத்தம், ஒரு கோடு, இன்னொரு கோடு. வெளியே வந்து சீட்டைப் போட்டான். பல் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி வாயை இறுக்கி மூடியிருந்தான். லவீனா பீன்ஸ் தட்டை நீட்டினாள்.

“பசிக்கல” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெயில் மலைக்கு மேல் இன்னும் ஒரு ஆள் உயரம் இருக்கும்போதே பெட்டியைத் திறந்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் டீக்கன் ஓபேட், மறுபக்கம் விர்ஜில். டீக்கன் வழக்கமான கேலியைச் சொல்லவில்லை. சீட்டை எடுத்து, பத்தியைப் பார்த்து, “ரிபப்ளிக்கன்” என்று சொல்லிச் சொல்லி அடுக்கினார். அவருக்கு அந்தச் சொல் பிரார்த்தனை மாதிரி. விர்ஜில் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டான். எங்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லவீனா கையில் ஒரே தட்டை வெகு நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் அடி தெரிந்தது. விர்ஜிலின் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின.

“டெமாக்ரட்” என்றார் டீக்கன். தன் காதையே நம்பாதவர்போல மறுபடி, “டெமாக்ரட். ஒண்ணு” என்றார்.

பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டான்.

நாங்கள் எல்லோரும் ஏசாவைப் பார்த்தோம். அவன் முகத்தில் இருந்தது பயமில்லை, திகைப்பு. எழுந்தான்.

“அது என்னோடது இல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“ஏசா, இதுல வெக்கப்பட என்னப்பா இருக்கு?” என்றார் டீக்கன் அன்பாக. “போட்டது போட்டதுதான்.”

“என்னோடது இல்லைங்கறேன்!”

“அப்போ யாரோடது? நீயே சொல்லு.”

ஏசா கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பூட்ஸைப் பார்த்தோம். அவன் உட்கார்ந்துவிட்டான். இனிமேல் அவன் சொல்ல ஒன்றே ஒன்றுதான் பாக்கி; அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

விர்ஜில் காகிதங்களைத் தட்டி நேராக்கினான். “சனிக்கிழமை, ஏசா” என்றான். “ஆலையில இடமில்ல.”

“வெளிச்சம் போதல, எழுத்தே தெரியல. யாராவது விளக்கு கொண்டாங்கம்மா. முடிவை எழுதிக் கையெழுத்துப் போடணும்” என்றார் டீக்கன்.

லவீனாதான் விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் வைக்கக் குனிந்தாள். தனியாகக் கிடந்த அந்த ஒற்றைச் சீட்டின் மேல் வெளிச்சம் விழுந்தது. குனிந்தவள் நிமிரவில்லை.

கட்டத்தில் இருந்த குறி பென்சிலில் இல்லை. ஊதா. குறியின் ஒரு கால், கட்டத்தைத் தாண்டி, வால் சுழித்து ஓடியிருந்தது.

விளக்கின் அடிப்பாகத்தைச் சீட்டின் ஓரத்தின் மேல் வைத்தாள்.

“மிஸ்டர் நட்டிங், இது செல்லுமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“எது?”

“கட்டின பென்சில்தான்னு டீக்கன் எழுதி ஒட்டியிருக்காரே.”

விர்ஜில் பார்த்தான். காலருக்கு மேலே கழுத்து முழுக்கச் சிவந்தது. கையை நீட்டிச் சீட்டை இழுத்தான். விளக்கு அசைந்ததே தவிர சீட்டு வரவில்லை.

“கொஞ்சம் தள்ளு, லவீனா.”

“செல்லாதுன்னு சொல்லிடு, விர்ஜில்” என்றாள் அவள், அதே மெல்லிய குரலில். “சொன்னா ஒருத்தன்கூட எதிர்க்கலைன்னு ஆயிடும், கர்னல் ஆசைப்பட்ட மாதிரியே. ஏன் செல்லாதுன்னு டீக்கன் கேப்பாரு. மைன்னு சொல்லு. என்ன மைன்னு பேப்பர்க்காரன் கேப்பான். போர்வை அதோ காயுது, காட்டு.”

விர்ஜில் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தான். ஹல்டாவின் பெயருக்குக் குறுக்கே அந்தக் கையெழுத்து, இருட்டிலும் தெரிந்தது.

“அவரு கண்ணாடி…” என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

“எனக்குத் தெரியும். கஸ்டர்ட் பை தின்னப்பவே தெரியும்.”

“வெளிய தெரிஞ்சா மாநிலமே சிரிக்கும் லவீனா. என் வேலை போயிடும்.”

“ஊருக்குச் சொல்ல மாட்டேன். நாள் சொல்லு.”

“நாளைக்கு…”

“இன்னிக்கு ராத்திரி பனி விழுது, விர்ஜில். உனக்கும் தெரியும்.”

“என்ன குசுகுசுன்னு?” என்றார் டீக்கன், பேனாவைத் தொட்டுக்கொண்டு.

விர்ஜில் எழுந்து தொண்டையைச் சரிசெய்தான். “ஏசா! இன்னிக்கே ஏத்திக்கிட்டு வா. இப்பவே.”

கூடம் வாயைப் பிளந்தது. “எதிர்த்து ஓட்டுப் போட்டவனுக்கா?” என்றான் பத்திரிகைக்காரன்.

விர்ஜில் ஒரு நொடி தடுமாறினான். ஆனால் வருஷக்கணக்காகக் கர்னலுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன் அவன். “எதிரியோட சோளமும் சோளம்தான்னு கர்னல் சொல்லிட்டுப் போயிருக்காரு” என்றான். பத்திரிகைக்காரன் அதை அப்படியே எழுதிக்கொண்டு, அடியில் கோடும் போட்டான்.

விர்ஜிலே சொன்ன பிறகு யாருக்கு என்ன பயம்? நகர மன்றத்திலிருந்து நேராக எல்லோரும் ஏசாவின் கொல்லைக்குப் போனோம், கிடைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கதிர்கள் அதற்குள் சில்லிட்டிருந்தன. முறிக்கிற சத்தம் கொல்லை முழுக்க, யாரோ விரல்களைச் சொடுக்குகிற மாதிரி. ஆண்கள் வரிசை மாறும்போது ஏசாவின் பக்கத்தில் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டினார்கள்.

“நீயாவது போட்டியே, ஏசா.”

“நான் போடல.”

“சரி சரி. நீ போடல” என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள். டீக்கன்கூட வந்து தட்டினார்.

கடைசி வரிசையில் லவீனா அவன் பக்கத்துக்கு வந்தாள். கூடையை இறக்காமலே ஊதா மையைப் பற்றிச் சொன்னாள்.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தியே” என்றான் ஏசா.

“ஊருக்குச் சொல்ல மாட்டேன்னுதான் குடுத்தேன். நீ ஊரா?”

ஏசா ஒரு கதிரை முறித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். இருட்டத் தொடங்கியிருந்தது. வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

“அப்போ அந்த மனுஷனுக்கு அவரே போட்டுக்கல” என்றான். “நான் போட்டிருக்கேன்.”

லவீனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் கூடையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“ஏசா, சோளம் கொட்டகைக்குப் போயிடுச்சு. ஆபர்ன் போக வேணாம்.”

“தெரியுது லவீனா. தெரியாம இல்ல.” கதிரைக் கூடையில் போட்டான். “இத்தனை பேரு முதுகுல தட்டறாங்க. ஒவ்வொரு தட்டும் அறை மாதிரி விழுது.”

மறுநாள் விடிந்தபோது கொல்லை கறுத்துக் கிடந்தது. தொட்ட இலை பொடியாயிற்று. ஆனால் அங்கே கதிர் இல்லை, வெறும் தட்டைகள்தான். பத்திரிகையில் ‘எதிரியின் சோளமும் சோளமே: கர்னலின் பெருந்தன்மை’ என்று பெரிய எழுத்தில் வந்திருந்தது. மாநிலத்தில் கர்னல் தோற்றுப்போனார் என்ற செய்தி சிறிய எழுத்தில், சளி மருந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

அந்த வாரமே கர்னல் ஆலைக்கு வந்தார். தோல்வி அவரை இன்னும் கம்பீரமாக்கியிருந்தது. கண்ணாடி இன்னும் பையில்தான். “அடுத்த தேர்தலுக்கு இப்பவே ஆரம்பிச்சுட்டாரு” என்றாள் ஹல்டா. நாங்கள் உரிப்பதை நிறுத்தினோம். படமெடுக்கிறவன் கேமராப் பெட்டியை நிறுத்திவைத்தான்.

“எனக்கு எதிராக ஓட்டளித்த அந்தத் தர்லோ எங்கே?” என்றார் கர்னல், ஆயிரம் பேர் கேட்கிற குரலில். “அந்த மனிதனின் கையைக் குலுக்க வேண்டும்.”

அன்று எங்களோடு உரிக்க வந்திருந்த ஏசா கையில் கூடையோடு எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. விர்ஜில் ஓடிவந்து, “இதோ கர்னல், இங்க” என்று கையை நீட்டிக் காட்டினான்.

விர்ஜில் நீட்டிய அந்தக் கையையே கர்னல் பிடித்துக்கொண்டார்.

“நேர்மையான எதிரி!” என்றார், விர்ஜிலின் கையை மேலும் கீழும் ஆட்டியபடி. “ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக எதிர்த்து நின்றாய். உன்னைப் போன்றவனை நான் மதிக்கிறேன், தர்லோ.”

விர்ஜில் வாயைத் திறந்தான். ‘நான் நட்டிங்’ என்று அவன் சொன்னால், பத்து வருஷமாகத் தன்னிடம் வேலை செய்கிறவனைக் கர்னலுக்கு ஒரு முழம் தூரத்தில் அடையாளம் தெரியவில்லை என்று ஊருக்கு முன்னால் சொன்னதாகும். அது தெரிந்தால் மற்றதும் தெரியும். அவன் கண் ஒரு தடவை லவீனாவிடம் போய் வந்தது. லவீனா ஒரு கதிரை மிகவும் கவனமாக உரித்துக்கொண்டிருந்தாள்.

“நன்றி, கர்னல்” என்றான் விர்ஜில்.

“அடுத்த முறை என் பக்கம் வந்துவிடுவாய் என்று நம்புகிறேன்.”

“முயற்சி பண்றேன், கர்னல்.”

வெடிமருந்து பளிச்சென்றது.

ஏசா மெல்ல உட்கார்ந்தான். முதலில் அவன் தோள் குலுங்கியது, பிறகு பெட்டி, பிறகு மடியில் வைத்த கூடையிலிருந்து கதிர்களெல்லாம் தரையில் உருண்டன. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

“உன் பேரு போச்சு ஏசா” என்றாள் லவீனா, குனிந்தபடியே. “எடுத்து விர்ஜிலுக்குக் குடுத்துட்டாரு.”

“போகட்டும். நான் சம்பாதிச்சது இல்லையே அது.” கண்ணைப் புறங்கையால் துடைத்தான். இமையில் சோளப்பட்டு ஒட்டிக்கொண்டது. “வர்ற தடவை என்னோடதை நானே போட்டுக்கறேன்.”

“பென்சில்ல போடு” என்று சொல்லி, உருண்ட கதிர்களை அவன் மடியில் பொறுக்கிப் போட்டாள்.